ஷாஃப்ட்டில் விட்ட தண்ணீர்

தங்கச் சுரங்கம் மூடியதும் பாலகாட்டில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். சகாயம் பன்றியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு குட்டி அறுபதாகப் பெருகியது. கிறிஸ்துமஸ் காலையில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லைன் முழுக்க மணந்தது அவர் கொட்டகைக் கறிதான். கோயிலுக்குப் போகிற இந்து வீடுகளிலிருந்தும் கறி வாங்கப் பின்வாசல் வழியாகத் தூக்குச்சட்டி வரும்.

அறுபது பன்றி தின்பது இருக்கட்டும், போடுவது? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. தினமும் கொட்டகையைக் கழுவினால் பத்து டிரம் நாற்றத் தண்ணீர். சாக்கடையில் விட்டார், சண்டை வந்தது. பின்னால், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட்டுக் குழியின் மூடியில் ஓர் ஓட்டை இருந்தது. அதில் குழாயைச் சொருகினார். நாற்றம் போயிற்று, லைனே மெச்சியது.

“மூவாயிரம் அடி போவுது. நான் எறங்கின ஷாஃப்ட்டு. எங்க மேல வரப்போவுது?” என்பார்.

கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஆயுசில் பாதியை மண்ணுக்குள் கழித்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அடப் பாவிகளா! சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற பம்பு நின்றால் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? கடைசி பம்பு நின்ற நாளிலிருந்து ஏறி ஏறி, ஷாஃப்ட்டின் கழுத்து வரை தண்ணீர் நின்றது. அதற்கு நூறடி தள்ளித்தான் லைன் குடிக்கும் போர்வெல்.

சகாயத்தின் மகள் வினோலியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதவில்லை. போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பவுடர் பால் கலக்கினார்கள். இரண்டாம் மாதம் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“எந்தத் தண்ணி குடுக்கிறீங்க? வீட்டுப் பக்கத்துல மாடு, பன்னி ஏதாவது இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். வினோலியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீரில் நைட்ரேட். சாணமும் மூத்திரமும் இறங்கினால் வருவது, கொதிக்கவைத்தாலும் போகாது, கைக்குழந்தையின் ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டர். கர்த்தர் கிருபை, குழந்தை பிழைத்தது. தண்ணீர் சரியாகிற வரை இந்த வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வினோலியா பெங்களூருக்குப் போய்விட்டாள்.

ஒரே வாரத்தில் சகாயம் அத்தனை பன்றியையும் விற்றார், குழாயைப் பிடுங்கி எறிந்தார். பக்கத்து வீட்டு முனிரத்தினம் நடுத்தெருவில் நின்று கத்தினார்: “இத்தினி வருசமா எங்க புள்ளைங்களுக்கு இன்னாத்தடா குடிக்க வெச்சே?” கறிக்கு முதல் தூக்கு அனுப்பியவரும் அவர்தான்.

ஆறு மாதம் கழித்துத் தண்ணீரை மறுபடி சோதித்தார்கள். நைட்ரேட் துளியும் குறையவில்லை. வேறு வழியில்லாமல் லைன் அதையேதான் குடிக்கிறது. சகாயத்துக்குப் பேத்தியைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

“கிறிஸ்மஸுக்கு கொழந்தைய கூட்டிகினு வாம்மா.”

“தண்ணி சரியாயிடுச்சாப்பா?”

பொய் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். “கேன் தண்ணி வாங்கி வெக்கிறேம்மா. அது வாயில போர்வெல் தண்ணி ஒரு சொட்டு படாது.”



“எதிர் வீட்டுப் பொண்ணு மாசமா கீறா, தெரியுமாப்பா? அவ புள்ளைக்கு யாரு வாங்கி வெப்பாங்க?”