கங்காதரனின் குளுக்கோஸ் உருண்டை

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் யாராவது "ஐயோ, கரப்பான்!" என்று கத்தினால், அடுத்த வார்த்தை "கங்காதரனைக் கூப்பிடு" என்பதாகத்தான் இருக்கும். ஆள் குச்சிபோல இருப்பார். ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அடுப்படிக் கரப்பான்கள் உயில் எழுத உட்கார்ந்துவிடும். நானே இரண்டு உயில்களைப் படித்திருக்கிறேன். கையெழுத்துதான் மோசம்.

அவருடைய ஆயுதம் ஓர் உருண்டை. குளுக்கோஸ் பவுடர், மைதா, போரிக் பவுடர், அவ்வளவுதான். உருட்டித் தருவது மனைவி சுலோசனா. திருமுல்லைவாயிலும் ஆவடி குவார்ட்டர்ஸும் கங்காதரன் பொறுப்பு. பூந்தமல்லிப் பக்கம் சுலோசனாவின் தம்பி பக்தவத்சலம் என்கிற பக்தன் பார்த்துக்கொள்வான். பன்னிரண்டு வருஷமாக உருண்டை வைத்த இடத்திலெல்லாம் மறுநாள் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன.

பதின்மூன்றாம் வருஷம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் அந்த அவமானம் நடந்தது. கரப்பான்கள் உருண்டையைச் சுற்றி வந்தன, மீசையால் தொட்டுப் பார்த்தன. பிறகு, டாக்டரிடம் திட்டு வாங்கிய சர்க்கரை வியாதிக்காரர் பந்தியில் ஜாங்கிரியைத் தள்ளி வைப்பதுபோல விலகி, ஒரு மூலையில் கிடந்த கருவாட்டுத் துண்டை மொய்த்துக்கொண்டன.

அடுத்த மாதம் பூந்தமல்லியிலிருந்து போன்.

"மாமா, இங்க ஒண்ணுகூட உருண்டையத் தொட மாட்டேங்குது."

கங்காதரனுக்குச் சுருக்கென்றது. இந்த ஊர்க் கரப்பானுக்கு வந்த புத்தி அந்த ஊர்க் கரப்பானுக்கு எப்படி வரும்? யாராவது தூக்கிப் போனால்தானே? ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கு வந்து தூக்குச்சட்டியில் மீன்குழம்பு வாங்கிப் போகிறவன் யார்?

"மச்சான், எங்கூர்க் கரப்பான் உன் தூக்குல ஏறித்தான்டா அங்க வந்துகீது. கழுவாம எடுத்துகினு போனியா?"

"இன்னா மாமா பேசற? நான் இன்னா கரப்பானுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டறனா?"

"உன் சோம்பேறித்தனத்துல என் பொயப்பே போச்சுடா."

"அப்படியா? கரப்பான் ஏத்தறவன் மடியில உன் பொண்ண எதுக்கு ஒக்கார வெக்கிற? வேற மடி பாத்துக்கோ."

போனை வைத்துவிட்டான். வினையே அங்கேதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த மோகனப்பிரியாவுக்கு ஆவணி பதினெட்டாம் தேதி காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சுலோசனாவுக்கு இருப்பதோ ஒரே தம்பி.

"எந்தம்பி வராம எம்பொண்ணு காதுல ஊசி ஏறாது" என்றாள் அவள். "நீயே போய்க் கூட்டிகினு வா. இல்லாங்காட்டி உன் காதுல குத்துவேன்."

கங்காதரன் மச்சானைத் தேடிப் போகவில்லை, ஆதாரம் தேடிப் போனார். சுலோசனாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப்போய், சாப்பாட்டுக் கடையில் ஐம்பத்து மூன்று கரப்பான்களைப் பிடித்து முதுகில் பொட்டு வைத்தார். அதில் ஒன்று பூந்தமல்லியில் அகப்பட்டால் மச்சான் மாட்டினான்! பத்து நாள் பஸ் பிடித்துப் போய், அங்குள்ள கடைகளில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பொட்டைக்கூடக் காணோம்.

"அவன்தான் நம்மூட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டானே. பொட்டு வெச்சது இன்னா, தானா பஸ் ஏறிப் போவுமா?" என்றாள் சுலோசனா. கங்காதரன் அதை யோசிக்கவே இல்லை.

காதுகுத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பத்மா கூப்பிட்டார். கணவருக்கு ராணுவ பாக்டரியில் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

"கங்காதரன், உங்க உருண்டைய எறும்புதான் மொய்க்குது. கரப்பான் சீண்ட மாட்டேங்குதே."

போய்ப் பார்த்த கங்காதரன் அப்படியே நின்றுவிட்டார். குவார்ட்டர்ஸ் கேட்டைப் பாஸ் இல்லாமல் தாண்ட முடியாது. பக்தன் ஒரே ஒருமுறை முயன்று, காவல்காரர் கேட்ட கேள்வியில் தன் பெயரையே மறந்து திரும்பியவன். போதாததற்கு, சாப்பாட்டுக் கடையில் இருப்பது கறுத்த பெரிய ரகம். இங்கே இருப்பது பழுப்பான குட்டி ரகம். இரண்டுக்கும் மாமன் மச்சான் உறவே கிடையாது. ஆனாலும் அதே மீசை, அதே விலகல்.

வீட்டுக்கு வந்து சொன்னார். சுலோசனா ரவை சலித்துக்கொண்டிருந்தாள்.

"நூறு கரப்பான்ல ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே இனிப்பு ஆகாததா இருந்திருக்கும்யா. இனிப்பு புடிச்சதெல்லாம் உன் உருண்டையத் தின்னுட்டுப் போய்ச் சேந்துச்சு. புடிக்காததுதான் மிச்சம். அது முட்டை வெச்சா குஞ்சுக்கும் புடிக்காது. பன்னெண்டு வருசமா நீ மூணு ஊர்லயும் இதே சல்லடையாலதான சலிச்ச? எல்லா ஊர்லயும் ஒரே ரவைதான் நிக்கும். யாரும் எங்கயும் தூக்கிகினு போவல."

"அப்போ தப்பு யாரு மேல?"

"சல்லடை யார் கையில இருந்துச்சோ, அவங்க மேல."

மறுநாள் காலை, வெற்றிலை பாக்கு, பழம், அரைக் கிலோ மைசூர்பாகு எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு கங்காதரன் பூந்தமல்லியில் மச்சான் வீட்டு வாசலில் நின்றார்.

"மச்சான், தப்பு என்னுதுடா. அந்தக் கரப்பானெல்லாம் நானே வளத்து விட்டதுதான். இனிமே மாசத்துக்கு ஒரு ருசியா உருட்டலாம். இந்தா, ஸ்வீட் எடுத்துக்கோ."

பக்தன் தட்டைப் பார்த்தான். "உன் கையால இனிப்பா? கரப்பானுக்கே விவரம் வந்துட்ச்சு. எனக்கு வராதா?"

கங்காதரன் இரண்டு துண்டை எடுத்துத் தின்று காட்டினார்.

"இரு மாமா. பத்து நிமிசம் போவட்டும்." பக்தன் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே நின்றான். மாமா மல்லாந்து விழவில்லை என்று தெரிந்தபிறகு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, தட்டை வாங்கிக்கொண்டான்.

ஆவணி பதினெட்டு. தாய்மாமன் மடியில் மோகனப்பிரியா உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் உதடு பிதுங்கியது. சுலோசனா அவசரமாக நாக்கில் கொஞ்சம் சர்க்கரையை வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, தூ என்று துப்பியது.

கூட்டம் மொத்தமும் திரும்பி கங்காதரனைப் பார்த்தது.

"பொழச்சுக்கும்!" என்று சிரித்த பக்தன், சப்பட்டும் என்று தன் விரலை நீட்டினான். ஆசாரி குத்தினார். குழந்தை சத்தமே போடவில்லை. நறுக்கென்று விரலைக் கடித்துவிட்டது. நாலு தெருவுக்குக் கேட்கும்படி அலறியது தாய்மாமன்தான்.