ஆமாங்க சாமி

செங்கமலம் பிறந்தது மீன்சுருட்டியில். வாய் கொஞ்சம் நீளம். திருமானூர்ப் பக்கத்துப் பண்ணையாள் வெள்ளைச்சாமிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, "அவன் பேச வேண்டியதையும் சேத்து நீயே பேசிக்க" என்று அண்ணன்காரன் கேலி பண்ணினான். கேலியா அது? நெசம். பெரிய மனுஷர்கள் முன்னால் வெள்ளைச்சாமிக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்: "ஆமாங்க சாமி." இல்லை என்று சொன்னால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று அவன் அப்பன் காலத்திலேயே பண்ணையில் அடித்துப் பழக்கிவிட்டார்கள், புண்ணியவான்கள்!

நாற்பத்தி மூணாம் வருஷம், யுத்த காலத்தில், பண்ணையார் வூட்டு வெண்கல அண்டா காணாமல் போனது. அன்றைக்கு வெள்ளைச்சாமி மீன்சுருட்டியில் மாமியார் வூட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான். தெருவே பார்த்தது. அதை எவன் விசாரித்தான்? பண்ணையார் இவனைக் கை காட்டினார், ஏட்டு வந்தார், விலங்கு மாட்டினார், அரியலூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட்டில் பண்ணையாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அடேயப்பா, என்ன மரியாதை! வெள்ளைச்சாமிக்கு வக்கீல் கிடையாது. செங்கமலம் வாசலோரம் நின்றாள். கிளார்க் குற்றச்சாட்டை மூச்சு விடாமல் படித்துத் தள்ளினார். பிறகு சப் மாஜிஸ்திரேட் கேட்டார்:

"குத்தத்தை ஒப்புக்கிறியா?"

"ஆமாங்க சாமி."

ஏட்டு குனிந்து சிரித்ததைச் செங்கமலம் பார்த்துவிட்டாள். இவன் வாயில் வேறு பேச்சு வராது என்று அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், இந்த ஒரு வார்த்தை போதும், ஜெயில்தான். நாசமாய்ப் போக! மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க எசமான்!"

"ஏய், சும்மா கெட!" என்று கோர்ட்டு டவாலிச் சேவகன் அதட்டினான்.

"சும்மா கெடந்துதாங்க இந்தக் கதி! பெரியவங்க எதைக் கேட்டாலும் அவரு ஆமான்னுதான் சொல்லுவாரு. கொள்ளிடத்தைத் திருடினியான்னு கேட்டுப் பாருங்க, அதுக்கும் ஆமாம்பாரு!"

கூட்டம் சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வெள்ளைச்சாமி, கொள்ளிடம் ஆத்தைத் திருடினது நீதானா?" என்றார்.

"ஆமாங்க சாமி."

சிரிப்பு நின்றுபோனது. மாஜிஸ்திரேட் ஏட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெள்ளைச்சாமி பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "இங்க பாரு. ஒப்புக்கணும்னு உனக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்லை. நீ இல்லேன்னு சொன்னா, அவங்கதான் சாட்சி வச்சு நிரூபிக்கணும். சட்டம் உனக்குக் கொடுத்திருக்கிற உரிமை அது. பண்ணையாரைப் பார்க்காதே, என்னைப் பாரு. அண்டாவை எடுத்தியா?"

வெள்ளைச்சாமி மாஜிஸ்திரேட்டை நிமிர்ந்து பார்த்தான். சொல்லுய்யா, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று செங்கமலத்துக்குப் பதறியது.

"இல்லீங்க."

அப்பாடா! மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டு விசாரணைக்கு வாய்தா போட்டார். வாய்தா அன்று மீன்சுருட்டித் தெருவே சாட்சி சொல்ல வந்து நின்றது. பண்ணையார் கூட்டி வந்த ஆள் கூண்டில் ஏறி உளறிக் கொட்டினான். வெள்ளைச்சாமிக்கு விடுதலை.

ஆனால் செங்கமலம் கடைசிவரை இந்த விடுதலையைப் பெருமையாகச் சொன்னதில்லை. அன்றைக்கு இல்லீங்க என்று சொன்ன கையோடு, அவள் புருஷன் நாற்காலியில் இருந்த பண்ணையாரைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சிருங்க சாமி" என்றானே, அதைச் சொல்லிச் சொல்லித்தான் கொதிப்பாள்.

"திருடாதவன் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும்?"