கிளையில் ஒரு கையுறை

பேக்கரிக் கதவைத் திறக்கும்போது வருகிற ஏலக்காய் வாசம் இன்றும் என்னை, சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ரொம்சோஸுக்கு மேலே உள்ள காட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே, பனிச்சறுக்குப் பாதை பிரியும் இடத்தில், ஞாயிறுகளில் மட்டும் திறக்கிற ஒரு மரக்குடில் இருந்தது. இப்போது அது இல்லை. உள்ளே ஈரக் கம்பளிக் காலுறைகள் அடுப்பருகே ஆவி விட, ஏலக்காய் போட்டுச் சுட்ட வாஃபிளின் சூட்டில் இனிப்பான பழுப்புச் சீஸ் உருகி வழிய, சறுக்குக் கட்டைகளை வெளியே பனியில் குத்திவிட்டு மூக்கு வடிய வரிசையில் நிற்போம்.

ஒரு ஞாயிறு, அம்மா பின்னித் தந்த சிவப்புக் கையுறைகளில் ஒன்றைப் பாதையில் எங்கோ விட்டுவிட்டேன். கிழமை முழுக்க எனக்குப் பேச்சு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓடி ஓடித் திரும்பியவர் அம்மா. விட்டுப்போன எதையும் திரும்பி வந்து கண்டதில்லை.

"அது போனது போனதுதான்," என்றார்.

அடுத்த ஞாயிறு, குடிலுக்கு முன்னால் நின்ற பேர்ச் மரக் கிளையில், பனி உதறப்பட்டு, கண்ணில் படும் உயரத்தில் அந்தக் கையுறை செருகப்பட்டிருந்தது.

"ஆர் வைச்சது?" என்று அம்மா கேட்டார்.

"ஆரோ. தேடி வருவினம் எண்டு வைச்சிட்டுப் போவினம். இஞ்சை அப்பிடித்தான்," என்றார் அப்பா.

அம்மா, கையிலிருந்த வாஃபிள் ஆறும்வரை அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு, வழியில் கிடந்த எந்தக் கையுறையையும் அவர் தாண்டிப் போனதில்லை. குனிந்தெடுத்து, பனியை உதறி, விரல்கள் மேலே பார்க்கக் கிளையில் செருகுவார்.

"ஆரோ ஒரு பிள்ளை தேடி வரும்," என்பார்.