இடது கைக்குப் பதினைந்து எழுத்து

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும் நான் ஆங்கில அகராதியில் சொல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அடுப்பில் அரிசி கொதிக்கும், அகராதி மடியில் இருக்கும். நான் பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலத்துக்கும் எனக்கும் பெரிய சிநேகம் கிடையாது.

என் கணவர் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலங்களில் வெளியார் வேலையும் செய்து தருவதற்காக வீட்டிலும் பழைய மிஷின் ஒன்று வைத்திருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், விரல்களுக்குத் தெரியும். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி என்று கேலி செய்வார்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் இழுத்து இழுத்து நடந்தது. பேச்சு குழறிக் குழறி வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை.

செம்பூரில் இருந்த அவருடைய ஹெட்கிளார்க் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். கீழே பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். கணேச சதுர்த்தி முடிந்த மறுநாள் மேனேஜர் முன்னால் ஒரு பக்கம் தப்பில்லாமல் அடித்துக் காட்டினால் நாற்காலி அவருடையது. முடியாதென்றால் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம், கௌரவமாகப் போகும். அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

அன்றைக்கே இவர் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். டைப்பிங்கில் இடது கைக்குப் பதினைந்து எழுத்து, வலது கைக்குப் பதினொன்று. அவருடைய இடது கை தன் எல்லைக்குள் இருக்கும்வரை ஒழுங்காக ஓடியது. எல்லையைத் தாண்டினால் தடுமாறியது. முதலில் இடது கையைச் சொந்த எழுத்துக்களில் பலப்படுத்த வேண்டும், அப்புறம் மற்றதைப் பழக்கலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பதினைந்து எழுத்துக்களால் மட்டுமே ஆன சொற்களைத் தேடித் தருவது என் வேலை ஆயிற்று.

பதினைந்து எழுத்துக்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அகராதிக்குள் வைத்துக்கொண்டேன். வேறு ஓர் எழுத்து எட்டிப் பார்த்தாலும் அந்தச் சொல் கழிந்தது. வாட்டர் கிடைத்தது. பிரெட், ரெஸ்ட், கரியர், ஆஃப்டர், டியர் எல்லாம் கிடைத்தன. ஒருநாள் எக்ஸாஜரேட் கிடைத்தபோது எனக்குப் பரிசே விழுந்த மாதிரி இருந்தது. டீ தேறுகிறது, காபி தேறவில்லை, இது நம் வீட்டுக்குச் சரிப்படாது என்றேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

எப்போதும் இப்படிப் பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் பொய். குழாயில் தண்ணீர் வரும் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு வைத்துச் சொல் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை அகராதியைத் தொப்பென்று போட்டேன். அவர் பழைய பட்டியலையே திரும்ப அடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவரைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கையில் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியை எடுத்து முழுக்க அடித்துப் பார்த்தார். நான் கடிகாரத்தோடு நின்றேன். இடது கை குறுக்கே போவதும் திரும்புவதும் வழி தவறுவதுமாக இருந்தது. தாளை உருவி வெகுநேரம் பார்த்தார். என்னிடம் காட்டவில்லை. நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து புதுத் தாளைச் செருகினார். ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்.

"வலப்பக்கம் உக்காரு. உன் எழுத்தை நீ அடி."

என்ன கடிதம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டியர் என்பதற்குப் பெரிய எழுத்து வர வேண்டும். வலது ஓரத்து விசையை நான் அழுத்திப் பிடித்தேன், அவர் அடித்தார். அடுத்து சர். அதன் நடு எழுத்து என்னுடையது. என் விரல் அந்தரத்தில் அலைந்து அதைக் கண்டுபிடிக்கும்வரை அவர் கை அசையாமல் நின்றது. அவர் கேலி செய்த கோழியேதான் நான். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் என் பக்கத்தில் இருந்தன. ரிக்ரெட் என்ற சொல் வந்தபோது மட்டும் நான் சும்மா இருந்தேன். அது முழுக்க அவருடையது, நான் அகராதியில் எடுத்துக் கொடுத்தது. ஐந்தாறு வாரமாக அடித்துப் பழகியிருந்ததால் தங்குதடையில்லாமல் ஓடியது. அதை ஏன் எடுத்துக் கொடுத்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன். அழுகை வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடினேன்.

பத்து வரிக் கடிதத்துக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்கிளார்க் வந்தார். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஒரு தப்புகூட இல்லையே! இவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கேள், அப்புறம் எதுக்கு ராஜினாமா? நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வெளி மனிதர் முன்னால் இவர் என்னைத் தொட்டதில்லை. அன்றைக்கு, பக்கத்தில் நின்ற என் வலது கையை எட்டிப் பிடித்து, ஹெட்கிளார்க் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.