கிறிஸ்டினா இறங்காத கார்

ஸ்டீவனுக்கு வேகத்தடையைக் கண்டாலே ஆகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். ஷிப்ட் முழுக்க உயரத்தில் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, கீழே வந்தால் தரையோடு தரையாகப் போக ஆசைப்பட்டான். இரண்டாயிரத்து ஏழில் செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்டீம் கார் வாங்கி, ஸ்பிரிங்குகளை வெட்டித் தாழ்த்தினான். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஓட்டத்தான் முடியவில்லை.

வேகத்தடை வந்தால் ஏறியிருப்பவர்கள் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பாகம் உரசி, தெருநாய்கள் சிதறி ஓடும் அளவுக்குச் சத்தம் வரும். கல்யாணமான புதிதில் அவன் மனைவி கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தாள். ஏழு மாத வயிற்றோடு கவரைப்பேட்டையில் இறங்கியபோது சிரிக்கவில்லை.

“வளகாப்புக்கு எங்கம்மா ஊட்டுக்கு நான் பஸ்ல போய்க்கிறேன். நீ உன் காரோட வா.”

ஸ்டீவனுக்குச் சுருக்கென்றது. பழவேற்காட்டில் மாமியார் வீட்டு வாசலில் அவளை இந்தக் காரில் கொண்டுபோய் இறக்குவதை எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான்.

“பழைய ஸ்பிரிங்கே மாட்டிடு ஸ்டீவா. பேஜாரே இல்ல,” என்றான் மெக்கானிக் அப்ரார்.

“அதுக்கு நான் ஆட்டோல போவேன் பாய்.”

“அப்ப ஏர் சஸ்பென்ஷன்தான்.”

ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பைகள். காற்றடைத்தால் கார் எழும், காற்றை விட்டால் படுக்கும். அதில் இரண்டு வகை. ஒன்றில் கம்ப்ரஸரும் டேங்க்கும் டிக்கியில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் போதும். இன்னொன்றில் கால் பம்பால் நாமே மிதித்து அடிக்க வேண்டும். மூளையுள்ளவன் எதை எடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்டீவனின் டிக்கி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. அதைக் கழற்றச் சொன்னதும் பிள்ளையைத் தத்துக் கேட்ட மாதிரி அவன் முகம் போயிற்று.

“நாலு மிதி மிதிச்சா ஏறிடப் போவுது. பம்பே குடு பாய்.”

“ஒரு தபா ஏத்திட்டு அப்டியே வுட்டுடு. எறக்காத.”

“எறக்காத காரு இன்னாத்துக்கு பாய்?”

வளைகாப்பன்று, “இனிமே நீ எறங்கவே வாணாம்,” என்று கதவைத் திறந்துவிட்டான். கிறிஸ்டினா நம்பாமல்தான் ஏறினாள். அவன் வாக்குத் தவறவில்லை. பொன்னேரி தாண்டியதும் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றின் முன்னாலும் இறங்கி நாலு சக்கரத்துப் பைகளுக்கும் காற்றடித்தான். தாண்டியதும் மறுபடி இறங்கிக் காற்றை விட்டான். அவள் போவதாகச் சொன்ன பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போயிற்று. புதுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிறிஸ்டினா கண்ணாடியை இறக்கிவிட்டு, முறுக்கு தின்றபடி அவன் மிதிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அவனுக்குக் கால்வலிகூடச் சுகமாக இருந்தது.

கடைசி வேகத்தடைக்கு அப்புறம் காற்றை விடத் தெம்பில்லை. கார் மற்ற கார்களைப் போல நிமிர்ந்தே மாமியார் தெருவுக்குள் நுழைந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு கூட்டம் நின்றது.

“கார எறக்கி உடு,” என்றாள் கிறிஸ்டினா.

“வாணாம், உனக்குத்தான் புடிக்காதே.”

“எங்க தெருவுல எவன் காரும் இப்டிப் படுத்ததில்ல. எல்லாரும் பாக்கட்டும்.”

ஸ்டீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துள்ளி இறங்கி நாலு பக்கமும் காற்றை விட்டான். கார் உஸ்ஸென்று மணலில் படுத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. கிறிஸ்டினா கதவைத் தள்ளினாள். கதவின் அடி மணலில் புதைந்து அசைய மறுத்தது. மறுபக்கமும் அதே கதை.

ஸ்டீவன் ஜன்னல் வழியாகப் பம்பைக் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

“மெதுவாவே அடி. நான் சொகமா குந்திக்கினுகீறேன்.”