பெயர் சொல்லாத கம்பெனி

என் அக்கா பதினாறு வருடம் மென்பொருள் எழுதியவள். அதில் பதினொரு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கானது. உங்கள் ரத்தம் எந்தக் குழாயில் இருக்கிறது, எந்த இயந்திரத்துக்குப் போனது, முடிவு யார் பெயரில் வந்தது என்று கவனித்துக்கொள்கிற வேலை. அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு, உங்கள் பிரிவையே மூடுகிறோம் என்றார்கள். பதினோரு மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பெரிய மரியாதை.

நான் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவதுதான் என் பிழைப்பு. இந்த விஷயத்தைக் கோபம் ஆறிய பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் இப்படியே சொல்கிறேன்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. வேலை போய் எட்டு மாதம் முடிந்திருந்தது. "ஒரு வருஷம் சும்மா இருந்துட்டா அப்புறம் ரெஸ்யூமைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்கடி" என்பாள். ஆக, மிச்சம் நாலு மாதம். அதற்குள் ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

கம்பெனிக்கு நேராக எழுதிப் போட்டால் பதிலே வராதாம். நடுவில் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான் 'ஒரே நிமிஷம்' என்று பெயர் வைத்திருந்தேன். ஒரே நிமிஷம் மேடம் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் அறுப்பான். ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"உங்களுக்குன்னே செஞ்ச வேலை மேடம். லேப் சாஃப்ட்வேர்."

"எந்தக் கம்பெனிங்க?"

"அதைச் சொல்ல முடியாது மேடம், பாலிசி. இந்த வேலைக்கு உங்க மூலமா மட்டும்தான் வரேன்னு ஒரு வரி மெயில் போட்டுடுங்க. இன்னிக்கே அனுப்பிடறேன்."

அக்கா இடது கையாலேயே அந்த ஒரு வரியைத் தட்டி அனுப்பினாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பேரே தெரியாத இடத்துக்கு எப்படிக்கா எழுதிக் குடுக்கற?"

"பேரைச் சொன்னா நாம நேரா போயிடுவோம், அவனுக்குக் கமிஷன் போயிடும். எழுதிக் குடுக்கலைன்னா அனுப்பவே மாட்டான். எல்லாரும் இப்படித்தான்டி எழுதறோம்."

மூன்று வாரம் அவனிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. அக்கா கூப்பிட்டால் எடுக்க மாட்டான். அதற்குள் இன்னொரு ஏஜென்சிப் பெண் கூப்பிட்டாள். மருத்துவமனைத் தகவல் இணைப்பு, மூத்த பொறியாளர் பதவி என்றாள். இவளும் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, இவளும் அதே ஒரு வரியைக் கேட்டாள். அக்கா ஒன்றும் ஏமாளி இல்லை. யார் எப்போது கூப்பிட்டார்கள், என்ன வேலை சொன்னார்கள் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருப்பாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதவி வேறு, வேலை வேறு மாதிரி இருந்தது. வேறு கம்பெனிதான் என்று முடிவு செய்து அந்த வரியை எழுதிக் கொடுத்தாள்.

நாலே நாளில் நேர்காணல் வந்தது. அப்போதுதான் கம்பெனி பெயரையே சொன்னார்கள். இரண்டு சுற்று போனில் முடிந்தது. மூன்றாவது சுற்றுக்கு அலுவலகத்துக்கே வரச் சொன்னார்கள். அங்கே மேலாளர் பெண்மணி கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, தங்களுக்கு மாதக்கணக்கில் தலைவலி கொடுக்கிற ஒரு பிரச்சனையைச் சொன்னாராம். லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் நின்று மறுபடி ஓடும்போது, எப்போதாவது இரண்டு நோயாளிகளுக்கு ஒரே எண் விழுகிறது. அக்கா பலகையில் எழுதி எழுதிப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் காரணத்தையும் சரிசெய்கிற வழியையும் பிடித்துவிட்டாள். எப்போது சேர முடியும் என்று அங்கேயே கேட்டுவிட்டார் மேலாளர்.

அன்று சாயங்காலம் அக்கா வாய் ஓயவில்லை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்தால் மாட்டிக்கொண்ட லிஃப்ட் கதையை யாராவது கேட்டே ஆக வேண்டும் அவருக்கு. அன்றைக்கு அவர்கூடத் தன் கதையை விட்டுவிட்டு இவளைப் பேசவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அந்த ஏஜென்சிப் பெண் சுரத்தில்லாமல் கூப்பிட்டாள். இதே கம்பெனிக்கு, வேறு மாதிரி சொல்லி இதே வேலைக்கு, 'ஒரே நிமிஷம்' தனக்கு மூன்று வாரம் முன்பே அக்காவின் ரெஸ்யூமைக் கம்பெனி சிஸ்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறான் என்றாள். ஏற்றியதோடு சரி, ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. இவள் தேர்வானாள் என்று தெரிந்ததும், ஆள் என்னுடையவள் என்று அந்த மெயிலைத் தூக்கிக்கொண்டு கம்பெனியிடம் போய்விட்டான். கம்பெனியில் ஒரு விதி இருக்கிறதாம். ஒரே ஆளுக்கு இரண்டு ஏஜென்சி சண்டை போட்டால், அந்த ஆளையே தள்ளிவிட வேண்டும், ஒரு வருடத்துக்கு மறுபடி சேர்க்கக் கூடாது. கமிஷனுக்கு அடித்துக்கொள்வது அவர்கள், வேலை போவது இவளுக்கு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ இந்த விதியை, அவனைக் காரில் உட்காரவைத்து ஒரு நாள் பாடம் எடுக்க வேண்டும் எனக்கு.

அக்கா அவனைக் கூப்பிட்டாள். "நீங்க பேரைச் சொல்லியிருந்தா ரெண்டாவது ஆளுக்கு எழுதியே குடுத்திருக்க மாட்டேனே."

"பாலிசி மேடம். ரெண்டு இடத்துல எழுதிக் குடுத்தது உங்க தப்புதானே?"

போனைப் பிடுங்கி, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பாதியிலேயே வைத்துவிட்டான். அக்கா தன் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "நான்தான்டி கவனிக்கலை" என்றாள். அந்த ஏஜென்சிக்காரன்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் எனக்கு அப்போது அவள்மேல் வந்தது.

இரண்டு வாரம் கழித்து மேலாளரே கூப்பிட்டார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் ஆள் கிடைக்கலைங்க. எனக்கே கஷ்டமா இருக்கு."

"நான் இருக்கேனே மேடம்."

"உங்க பேரைப் போட்டாலே சிஸ்டம் எடுத்துக்காதுங்க. மேலயும் கேட்டுப் பார்த்தேன், ஒரு வருஷம் ஆகணும்னுட்டாங்க." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னிக்குப் போர்டுல ஒரு வழி எழுதினீங்களே. நான் போட்டோ எடுக்கறதுக்குள்ள அழிச்சிட்டாங்க. எங்க பசங்களுக்கு அது பிடிபடலை."

சொல்லாதே என்று நான் கையைக் காலை ஆட்டினேன். அக்கா என் பக்கமே திரும்பவில்லை. கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, பேப்பர் எடுத்துக்கச் சொல்லுங்க மேடம் என்றாள். நாற்பது நிமிடம் வரிவரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ பையன்கள் குறுக்கே சந்தேகம் கேட்டார்கள், அதற்கும் சொன்னாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து தாங்க்ஸ் சொன்னார்கள்.

"உனக்கு வெட்கமா இல்லையாக்கா? வேலை குடுக்காதவங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கற."

"ரெண்டு பேர் ரத்தம் மாறிப் போகுதுடி" என்றாள். "யாரோ ஒருத்தி இல்லாத வியாதிக்கு மாத்திரை முழுங்குவா. எனக்கு வேலை இல்லேங்கறதுக்காக அவ முழுங்கணுமா?"

மிச்ச வெங்காயத்தை நான் நறுக்கினேன். மறுநாள் இன்னொரு ஏஜென்சி கூப்பிட்டது. பெயரைச் சொல்ல முடியாத ஒரு பெரிய கம்பெனியாம், ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். அக்கா எழுதிக் கொடுத்தாள்.