மலைச்சாலைக்கு ஒரு பிரேக் திரவம்

என் மகன் காரில் இறக்கவில்லை. பலரும் கேட்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அலுவலக மேசையின் முன் அவனுடைய இதயம் நின்றது. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். கார் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் வீட்டு முகப்பில் நின்றிருந்தது. ஆண்டில் மூன்று நான்கு முறை அதைத் தெற்கே உள்ள பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் செல்வான். போட்டி ஒன்றுமில்லை. கட்டணம் செலுத்தித் தடத்தைச் சுற்றி வருகிறவர்களில் அவனும் ஒருவன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு தலைமுறை ஆகிறது. வழக்கங்களில் பல தேய்ந்துவிட்டன. ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசம் முடியும்வரை இறந்தவருடைய பொருள்களை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை என்பது மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்தது. அதை வலியுறுத்தியவன் நான். ஆகவே கார் ஓராண்டு நின்றது. ஞாயிறுதோறும் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவேன். பராமரிப்புக்கு அது போதும் என்று எண்ணியிருந்தேன்.

திவசம் முடிந்த வாரம் மருமகள் காரை எடுத்தாள். பாலிக் புலாவ் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அவளுக்கு மாற்றல் ஆகியிருந்தது. வழியில் ஒரு மலை ஏறி இறங்கவேண்டும். வழியைப் பார்த்து வருவதாகச் சொல்லிப் போனவள் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.

"மாமா, ஏறும்போது ஒண்ணும் இல்ல. இறங்கும்போது நாலாவது வளைவுல பிரேக் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. ஹேண்ட் பிரேக் போட்டு ஓரமா நிறுத்திட்டேன். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மறுபடி நல்லா இருக்கு."

நான் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன். அவள் சொல்லி முடிப்பதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கையில் சூடேறிக் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதி தரைவரை போகும். ஆறினால் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் அந்தத் திரவத்தை ஓராண்டு நிறுத்தி வைத்தவன் நான்.

தீவுக்கு அக்கரையில், ஜுருவில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரிடம்தான் மகன் காரைக் கொடுப்பான். தொலைபேசியில் அழைத்தேன். "ஓட்டிட்டு வராதீங்க சார், நானே வர்றேன்" என்றார். சனிக்கிழமை காலை வந்தார். பிரேக் திரவக் கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"பிரேக் ஆயில் கேட்டா தே ஓ ஊத்தி வச்சிருக்கீங்களே, சார்."

பால் கலக்காத தேநீரின் நிறம்தான். நான் சிரிக்கவில்லை. அவருக்காகக் காத்திருந்த நாள்களில் தரவுத் தாள்களைப் படித்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். மகன் பயன்படுத்திய பந்தயத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கையில், முந்நூறு பாகைக்கு மேல். சாதாரண டாட் ஃபோர் வகை அதைவிட வெகுவாகக் கீழே. மலை இறக்கமும் தடம் போலத்தான், ஆகவே அவன் தேர்ந்ததே இருக்கட்டும் என்று வாதிட்டேன். அலமாரியில் அவன் வைத்திருந்த பாதிப் போத்தலையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

"தொறந்து ஒரு வருசம் ஆச்சா? இதுல பாதி பினாங்கு மழை, லா." போத்தலை ஓரமாக வைத்தார். "சார், நீங்க பார்த்தது புதுசா இருக்கிறப்போ உள்ள நம்பர். அவரு ட்ராக் போறதுக்கு முன்னாடி ஒருக்கா மாத்துவாரு, வந்தப்புறம் ஒருக்கா மாத்துவாரு. நீங்க மாத்துவீங்களா? இது ரொம்ப சீக்கிரம் தண்ணி குடிக்கும். டாட் ஃபோர் மெதுவாத்தான் குடிக்கும். தினம் ஓட்டுற காருக்கு ஈரம் ஏறினப்புறம் எவ்வளவு தாங்கும்னு பாக்கணும்."

"புதிதாகவே ஊற்றி, மாதந்தோறும் மாற்றலாமே" என்றேன்.

மருமகள் படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் ஸ்கூலுக்குத்தான் போறேன், மாமா. ரேசுக்கு இல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. என் பட்டியலில் ஈரமேறிய பின்னுள்ள கொதிநிலைக்கும் ஒரு நிரல் இருந்தது. அதை நான் வாதத்தில் எடுக்கவே இல்லை. கவனக்குறைவு அன்று. அவன் ஊற்றியதை அப்படியே விட்டுவைக்க விரும்பினேன். அதற்கு வேதியியலைத் துணைக்கு அழைத்தேன்.

"டாட் ஃபோரே ஊற்றுங்கள்" என்றேன்.

பழைய திரவத்தை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறப்பார், மற்றவர் பிரேக்கை மிதிக்கவேண்டும். மருமகள் எழுந்தாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். ஓராண்டில் முதல் முறை.

"மிதிங்க சார். அப்படியே புடிங்க. ம்… விடுங்க."

பின் இடச் சக்கரத்தில் தொடங்கி நான்கு சக்கரங்களுக்கும் மிதித்தேன். நெடுநேரம் ஆயிற்று. திருகில் மாட்டிய நிறமற்ற குழாய் வழியே வெளிறிய புதுத் திரவம் வரத் தொடங்கியதும் அவர் திருகை முடுக்கினார். வடித்ததைத் தாமே எடுத்துப்போவதாகச் சொன்னார். பாதிப் போத்தலையும் அவரிடமே கொடுத்தேன்.

பிற்பகல் மலைக்குப் போனோம். மருமகள் ஓட்டினாள், நான் பக்கத்தில், பட்டறைக்காரர் பின்னால்.

"நான் பின்னால உக்காந்துக்கிறேன். பயந்தா சொல்றேன், அக்கா."

"நீங்க பயந்தா நான் என்ன பண்றது?" என்றாள் அவள்.

நாலாவது வளைவிலும் பிரேக் பிடித்தது. அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி மூன்று முறை மிதித்துப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கு, மாமா."

இன்னொரு முறை ஏறி இறங்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் காரைத் திருப்பினாள். இரண்டாம் முறையும் மிதி இறங்கவில்லை. திங்கட்கிழமை முதல் அவள் அந்தக் காரில்தான் பள்ளிக்குப் போகிறாள்.